கிளிஞ்சல்முனை ஒட்டிக்கொண்ட வருஷம்

உப்பு ஏற்றிப் போவதற்காக வெறும் வயிற்றோடு வந்த ஒரு கப்பல், வழியில் ஆட்டம் காணாமல் இருக்கத் தன் அடிவயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்த வேறொரு கடலின் தண்ணீரை நம் கடலில் கொட்டிவிட்டு, உப்பை ஏற்றிக்கொண்டு, அதன் பெயரை யாரும் வாசிப்பதற்கு முன்பே போய்விட்ட வருஷத்தில்தான் கிளிஞ்சல்முனைக் கடலுக்குக் ஜெல்லிமீன்போன்ற கண்ணாடிச் சொறி வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு, தண்ணீரில் கிடந்தால் தண்ணீர், கையில் அள்ளினால் கண்ணாடி, அதன் உடம்பு நெடுக எட்டு வரிசையில் மயிர்ச் சீப்புகள் துடிக்க, வெயில் பட்ட இடமெல்லாம் வானவில் ஓடியது. நம் கடலின் சொறி மேலே பட்டால் உடம்பு தடித்து மூன்று நாளைக்கு அரிக்கும். இது அரிக்கவில்லை. அரிக்காத சொறியைக் கண்டு யாரும் பயப்படவில்லை. பிள்ளைகள் வாளியில் அள்ளிவந்து வாசலில் வைத்து விளையாடினார்கள்.

முதல் மாதம் அது அழகாக இருந்தது. இரண்டாம் மாதம் வலை கஞ்சிப்பானைபோல் கனத்து வந்தது, உதறினால் கண்ணாடிக் கூழ் மட்டும் வழிந்தது. மூன்றாம் மாதம் நெத்திலி வரவில்லை, நான்காம் மாதம் சாளை வரவில்லை, அதற்குப் பிறகு எந்த மீன் வரவில்லை என்று பேர்சொல்லிக் கேட்பதை ஊர் விட்டுவிட்டது.

பட்டணத்து மீன்வளக் கல்லூரியிலிருந்து தில்லைநாயகி என்ற பேராசிரியை வந்து, ஊர்க் கமிட்டிக் கட்டடத்து மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தார். கமிட்டித் தலைவர் சவரிராயன் குனிந்து பார்த்துவிட்டு, "இது ஆணா, பொண்ணா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான். இதுக்கு ஜோடி வேண்டாம். ஒண்ணே ஒண்ணு தப்பி வந்தாலும் போதும், ரெண்டு வாரத்துல முட்டை விட ஆரம்பிச்சிரும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல."

"எதத் திங்குது?"

"மீன் குஞ்சு எதத் தின்னு வளருமோ அதத் திங்குது. மீன் முட்டையையும் திங்குது. வயிறு நெறஞ்சாலும் நிறுத்தாது."

"இதத் திங்கிறதுக்கு ஒண்ணு இருக்கணும்லா?"

"இருக்கு. அதோட கடல்ல இருக்கு. இங்க இல்ல."

பிறகு அவர் பிளேடால் இரண்டு சொறிகளின் விலாவைக் கீறி, கீறல் கீறலோடு படும்படி பக்கத்தில் பக்கத்தில் விட்டார். சாயங்காலம் பார்த்தபோது ஜாடியில் ஒரே சொறி இருந்தது. ஒரு பக்கத்தைக் குச்சியால் தொட்டால் மறுபக்கம் சுருங்கியது. ஒரு வாய்க்குள் போன இரை இன்னொரு வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. ஊர் அதைப் பார்த்தது, தலையாட்டியது, வலையைப் பற்றிய கவலையோடு வீட்டுக்குப் போனது.

கர்மேலி கடலில் முங்கிப் பாசி பறிக்கிறவள். செத்துப்போன புருஷனின் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலடிப் பாறையான பாரின் இடுக்குகளில் பாசி பறிப்பாள். புருஷன் கஸ்பார் இரண்டு வருஷத்துக்கு முன்னால், காற்று மாறிய ஒரு நாளில் வள்ளத்தோடு போனவன் திரும்பவில்லை. அவனுடைய அக்காள் விர்ஜினி, கல்யாணம் கட்டாதவள், அதே வீட்டின் மறுபாதியில் தனி அடுப்பு வைத்திருந்தாள். அன்றைக்குக் காலையில் கர்மேலி சண்டை பிடித்ததால்தான் தம்பி வெறுத்துப்போய்க் கடலில் இறங்கினான் என்று அவள் ஊருக்கே சொல்லியிருந்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் பேச்சு இல்லை. கர்மேலியின் ஒன்பது வயது மகள் ஜெனிட்டா மட்டும் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டாள்.

கர்மேலிக்கு அந்த ஊர் போதும் என்றாகிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த தங்கை லில்லியிடம் சொல்லி இடம் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை புறப்பாடு. சனிக்கிழமை கடைசியாக ஒரு முறை பாசிக்குப் போனாள்.

அன்றைக்குத் தண்ணீர் தண்ணீராகவே இல்லை, முங்கினால் காது வரைக்கும் கூழாக இருந்தது. அன்றைக்குப் பாசிக்கு வந்திருந்த விர்ஜினியின் கால் பார் இடுக்கில் மாட்டிக்கொண்டது. மேலே வரவேண்டிய தலை வரவில்லை என்பதைக் கர்மேலிதான் முதலில் கவனித்தாள். முங்கி, கையைப் பிடித்து, பாரில் உராய்ந்து இரண்டு பேர் கையும் முழங்கை வரை கிழிய, இழுத்துக்கொண்டு மேலே வந்தாள். கரைக்கு வந்த பிறகும் பிடி விடவில்லை.

"கைய விடு," என்றாள் விர்ஜினி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது.

"நீங்க விடுங்க மைனி."

இரண்டு பேருமே விட்டுத்தான் இருந்தார்கள். மற்ற பெண்கள் நல்ல தண்ணீர் ஊற்றினார்கள், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் கர்மேலியின் இடது கையும் விர்ஜினியின் வலது கையும் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரே தோலாகிவிட்டன. சாயங்காலம் எங்கே ஒருத்தி முடிந்து எங்கே இன்னொருத்தி தொடங்குகிறாள் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். உப்பளம் முடிந்து, கடல் காற்று நின்று, செம்மண் தொடங்கிய இடத்தில் ஒட்டிய தோல் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறி ஒரே நேரத்தில் மயங்கினார்கள். ஆட்டோ திரும்பியது. கடல் தண்ணீரை ஊற்றியதும் வெடிப்பு மூடிக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மறுநாள் கரைக்கு வந்து, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அறுக்கலாம். ஆனா எந்த நரம்பு யாருதுன்னு தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை போயிற்று. கர்மேலி கட்டிவைத்த பை கட்டியபடியே மூலையில் கிடந்தது.

ஊருக்கு இது பழக நாளாகவில்லை. தண்ணீர்க் குழாயில் அவர்களுக்கு இரண்டு குடத்துக்கும் ஒரே முறை என்று தீர்ப்பாயிற்று. கோவிலில் பெண்கள் பக்கத்து ஓர இடத்தை அவர்களுக்கு விட்டார்கள். பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒருத்தி மண்டியிட்டால் மற்றவளும் மண்டியிட வேண்டியிருந்ததால், பங்குச்சாமி நடுவில் ஒரு திரை தொங்கவிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது என்று அறிந்ததும் அவரே திரையைக் கழற்றிவிட்டார்.

ஏனென்றால் ஒட்டியது கை மட்டும் இல்லை. கர்மேலி மிளகாயைக் கடித்தால் விர்ஜினிக்குக் கண் கலங்கியது. விர்ஜினி காலில் முள் குத்தினால் கர்மேலி நொண்டினாள். கர்மேலி சாப்பிட்டால் விர்ஜினிக்கு வயிறு நிறைந்தது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் ஊர் மெதுவாக, ஆனால் தீர்க்கமாகக் கவனித்தது. மீன் இல்லாத ஊரில், ஒரு தட்டுச் சோற்றில் இரண்டு பேர் பசியாறி எழுந்தார்கள்.

முதலில் சவரிராயனும் அவர் தம்பியும் கையைக் கீறிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். அப்புறம் புருஷன் பெண்டாட்டிமார். அப்புறம் அக்காள் தங்கைகள். ஒட்டியவர்களின் தோல் எந்தப் புதுக் காயத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்ததும், இரண்டு மூன்றாயிற்று, மூன்று ஐந்தாயிற்று, பனிக்காலம் முடிவதற்குள் மேலத்தெரு முழுவதும் ஒரே மாலைபோல் கோத்துக்கொண்டு, ஒரு முனையில் ஒருவர் கஞ்சி குடிக்க மறுமுனையில் ஒருவர் ஏப்பம் விட, சங்கிலியாக நடந்து கோவிலுக்குப் போனது. சண்டை நின்றது, ஏனென்றால் அடித்தவனுக்கும் வலித்தது. களவு நின்றது. எல்லோரும் இது நல்லது என்றார்கள், ஒருவர் நல்லது என்று நினைத்தால் பக்கத்திலிருந்தவருக்கும் அது நல்லதாகவே பட்டது.

வலை முடைய இரண்டு கை வேண்டும், வள்ளம் தள்ளத் தனித்தனித் தோள் வேண்டும், அதனால் அந்த வேலைகள் நின்றன. கப்பல் வேலைக்குச் சிங்கப்பூர் போக இருந்த ஒரு பையன் தன் அப்பாவோடு ஒட்டியிருந்தான், போகவேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அப்பாவின் பயம் காலில் வந்து இறங்கிக் கனத்தது. கொஞ்ச நாளில் அவன் நினைப்பதையே விட்டான். ஊர் கரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, வருவது வரட்டும் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கர்மேலி ஜெனிட்டாவைத் தொட்டு ஐந்து மாதமாயிற்று. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பில்லாத நாள் ஏது. தெரியாமல் ஒரு புண்ணில் கை பட்டால் பிள்ளையும் ஒட்டிக்கொள்வாள். அதனால் அவள் பின்னால் நின்றுகொண்டு, "இடப்பக்கம் வகிடு கோணலா இருக்குட்டி, சரியா எடு," என்று வாயாலேயே தலை வாரிவிட்டாள்.

ஒரு நாள் கஸ்பாரின் வள்ளம் கிடந்த வெறும் மணலைத் தாண்டி இரண்டு பேரும் நடந்துபோனார்கள். கர்மேலி தனக்கு வழக்கமான துக்கம் வரும் என்று காத்திருந்தாள். அதற்கு முன்னால் மறுபக்கத்திலிருந்து வேறொன்று வந்தது. சூடான ஒரு வெட்கம், யாரையும் நிமிர்ந்து பார்க்கவிடாத ஒன்று. அது துக்கம் இல்லை என்று கர்மேலிக்கு உடனே தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். விர்ஜினி தரையைப் பார்த்து நடந்தாள். ஏன் என்று கர்மேலி கேட்கவில்லை.

ஊரின் காவல் தேவதூதரான மிக்கேல் சம்மனசு திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. பூசை முடிந்ததும் சவரிராயன் எழுந்தார், அவரோடு எட்டுப் பேர் எழுந்தார்கள்.

"ஊர்ல ஏழு பிள்ளைக மட்டும் தனியாக் கிடக்கு," என்றார். "நாம பசியாறி உக்காந்திருக்கோம், அதுக வயிறு காயுது. திருவிழா அன்னைக்குப் பூசை முடிஞ்சதும் ஏழு பேரையும் தண்ணியில எறக்கிருவோம்."

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்று தனியாக நின்று சொல்ல ஊரில் தனியாக ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கர்மேலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விர்ஜினியும் உட்கார்ந்தாள்.

"நீ என்ன நினைக்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் விர்ஜினி.

"தெரிஞ்சா சரி. தடுத்தா உங்க கையோட சேர்த்து என் கைய வெட்டிப் போட்டுட்டு ஜெனிட்டாவக் கூட்டிட்டுப் போவேன்."

"நான் தடுக்கேன்னு சொன்னேனா?"

"தம்பி பிள்ள உங்க கண்ணு முன்னாலயே இருக்கணும்னு இத்தன நாளும் நீங்கதானே சொன்னீங்க?"

கர்மேலி விர்ஜினிக்குள் தேடிப் பார்த்தாள். பிள்ளை போய்விடுவாள் என்ற வலி அங்கே இருந்தது, ஆனால் அதை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்ததுபோல் இருந்தது.

"சனிக்கிழம மத்தியானம் எல்லாரும் தேர் ஜோடிக்கப் போவாங்க," என்றாள் விர்ஜினி. "உப்பள விலக்கு வரைக்கும் நம்மளால நடக்க முடியும். ஒரு கேன்ல கடல் தண்ணி எடுத்துக்கிடுவோம். பிள்ளைய பஸ்ல ஏத்தி விட்டா டவுன்ல லில்லி வந்து நிப்பா."

சனிக்கிழமை உச்சி வெயிலில், உப்புப் பாத்திகளின் வரப்பு வழியாக, ஜெனிட்டா பத்தடி முன்னால் பையோடு நடக்க, இரண்டு பெண்களும் ஒட்டிய கையோடு பக்கவாட்டாக நடந்து பின்னால் போனார்கள். அரை மணிக்கொரு முறை நின்று கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். ஊர்ப் பாதை மெயின் ரோட்டில் சேரும் அந்த விலக்கில் சிமெண்டு நிழற்குடை ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் செம்மண் தொடங்கியது. பஸ் வர நேரமிருந்தது. கேனில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது, திரும்பிப் போக அது போதும்.

விர்ஜினி தன் இடது கையால் மூடியைத் திருகிக் கேனைத் தரையில் கவிழ்த்தாள்.

"என்ன மைனி செய்றீங்க?"

"ஊத்துதேன்."

"நாம எப்படித் திரும்பிப் போறது?"

"நான் நடந்து போவேன். நீ பஸ்ல போ. ஒன்பது வயசுப் பிள்ளைய கண்டக்டர் கையில குடுத்து அனுப்புறதுக்கா நாம வந்தோம்?"

தண்ணீர் தரையில் இறங்கிப் போயிற்று. கை காயட்டும் என்று விர்ஜினி கர்மேலியை நிழலிலிருந்து வெயிலுக்கு இழுத்தாள். ஜெனிட்டாவிடம், முதுகைத் திருப்பி உட்கார்ந்து போகிற லாரிகளை எண்ணச் சொன்னாள்.

முழங்கையில்தான் முதல் வெடிப்பு வந்தது. ஒட்டியவர்கள் இதற்கு முன்னாலும் பிரியப் பார்த்திருக்கிறார்கள். ஒருவராலும் முடிந்ததில்லை, ஏனென்றால் அந்த வலி இரண்டாகப் பங்கு போவதில்லை, தன் வலியோடு மற்றவர் வலியும் சேர்ந்து வருகிறது, இரண்டில் ஒருவர் கடலைப் பார்த்து ஓடிவிடுவார், மற்றவரும் கூட ஓடியாக வேண்டும். கர்மேலியும் ஓடத்தான் பார்த்தாள். டவுனிலிருந்து ஊருக்குத் திரும்புகிற பஸ் வந்து நின்றபோது, பத்து நிமிஷத்தில் கடல் என்று அவள் கால்கள் தாமாகவே படிக்கட்டுக்குப் போயின. விர்ஜினி உட்கார்ந்து, முழு உடம்பையும் தரையில் பாரமாக வைத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

"என்னால முடியல மைனி."

"முடியலன்னு எனக்கும்தான் தெரியுது. இரு."

ரத்தம் சொட்டிக் காய்ந்தது. மணிக்கட்டு வரைக்கும் பிரிந்தபோது டவுனுக்குப் போகிற பஸ் வந்தது, கண்டக்டர் விசில் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். விர்ஜினியின் உதடு வெளுத்திருந்தது.

"நான்தான் அவனப் போகச் சொன்னேன்," என்றாள். "நீ போகாதேன்னு சொல்லி அழுதே. எல்லாவனும் போறான், நீ பெண்டாட்டி சேலையப் பிடிச்சிக்கிட்டு நில்லுன்னு நான்தான் கேலி பேசினேன். அதுக்காகத்தான் போனான்."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"மணல்ல நடந்தோமே, அன்னையிலருந்து."

"கேக்கலையே நீ."

"நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன்."

விர்ஜினி அழுதாள். அந்த அழுகை பாதிதான் கர்மேலிக்கு வந்தது, மீதி வழியிலேயே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் மட்டும் ஒட்டியிருந்தது. அதுவும் ஈரத் துணியிலிருந்து உரித்தெடுப்பதுபோல் விட்டபோது, சட்டென்று அவள் உடம்புக்குள் ஒரு அமைதி வந்தது, பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றதுபோல. அவளுக்குப் பசித்தது. அது அவளுடைய பசி மட்டும்தான்.

சேலை முந்தானையைக் கிழித்து இருவர் கையிலும் விர்ஜினி கட்டுப் போட்டாள். காய்ந்த புண் யாரையும் பிடிக்கவில்லை. கர்மேலி நல்ல கையால் ஜெனிட்டாவின் தலையைத் தொட்டாள், நெற்றியை, காதை, கழுத்தை, பிறகு விடவே இல்லை.

மூன்றாவது பஸ் வந்தது.

"நீங்களும் வாங்க மைனி. அங்க ஊர்ல உங்களுக்கு என்ன இருக்கு?"

"இன்னும் ஆறு பிள்ளைக இருக்கு," என்றாள் விர்ஜினி.

"அத்தை வரலையா?" என்று ஜெனிட்டா ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டாள். விர்ஜினி கட்டுப்போட்ட கையைத் தூக்க முடியாமல் இடது கையை ஆட்டினாள். பஸ் கிளம்பியது.

அடுத்த வருஷம் இன்னொரு கப்பலின் வயிற்றிலிருந்து, சுருக்குப்பைபோல வாய் அகன்ற வேறொரு சொறி வந்தது. அது கண்ணாடிச் சொறியைத் தவிர வேறெதையும் தின்னாமல் அவற்றை முழுசு முழுசாக விழுங்கியது. அதற்குப் பிறகுதான் வலையில் ஒன்றிரண்டு நெத்திலி மின்னியது. ஆனால் அது பின்னால் நடந்தது. விர்ஜினி வரப்பு வழியே தனியாகத் திரும்பி நடந்த அன்றைக்குக் கடல் இன்னும் கண்ணாடியாகவே இருந்தது.

திருவிழாப் பூசைக்கு அவள் போனாள். ஊரில் தனியாக நடந்து வந்த ஒரே பெரிய ஆள் அவள்தான். பாடலுக்கு நடுவே எல்லோரும் அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தார்கள். சிலர் பரிவோடு தங்கள் கையை நீட்டினார்கள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பூசை முடிந்து பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கூட்டிப்போக ஊர் எழுந்தபோது, கீழத்தெரு செலஸ்தின் மட்டும் எழவில்லை, அதனால் அவளோடு ஒட்டியிருந்த அவள் புருஷன் மரியசாலும் எழ முடியவில்லை. அவர்களுடைய மூன்று வயது மகன் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வலிக்குமா?" என்று செலஸ்தின் கேட்டாள்.

"வலிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

விர்ஜினி தூங்குகிற பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மூணு பஸ் போகும்," என்றாள். "மொத பஸ் நம்ம ஊருக்குத் திரும்புறது. அதுல ஏறணும்போல இருக்கும். ஏறிராதீங்க."